சுண்ணாம்புப் புறா

"வாயைத் திறங்கப்பா. ஒரே ஒரு சொட்டு."

பஞ்சு நுனியிலிருந்த தண்ணீர் கொர்பீனியன் ஓஸ்ட்லரின் உதட்டில் பட்டு, உள்ளே போக மனமில்லாமல் தாடை வழியாகக் கழுத்துக்கு இறங்கியது. மகள் ஆஃப்ரா துடைத்தாள். காலையிலிருந்து பதினோராவது தடவை.

"பூனைக்குட்டிக்குப் பால் ஊத்தற மாதிரி ஊத்தாதே. தலகாணி பூரா ஈரம்," என்றாள் நோட்புர்கா அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. முந்தாநாள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு வாத்து வறுவலோடும் வந்து இறங்கி, கட்டிலின் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள்தான். கையில் செபமாலை. வாய் செபத்துக்கும் வசவுக்கும் நடுவில் மூச்சு விடாமல் மாறிக்கொண்டிருந்தது.

"அருள் நிறைந்த மரியே... அந்த ஜன்னலைச் சாத்துடி, பனி உள்ள வருது... வாழ்க, கர்த்தர் உம்முடனே..."

ஆஃப்ரா ஜன்னலைச் சாத்தினாள். வெளியே பிப்ரவரிப் பனி கூரைகளையெல்லாம் ஒரே மட்டமாக்கியிருந்தது. அதற்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தவை மடத்துக் கோயிலின் இரண்டு வெங்காயக் கோபுரங்கள் மட்டும்.

"ஒன்பது ஆகப்போகுது. இன்னும் புறாவைப் பார்க்கப் போகாம நிக்கறியே. எங்க அண்ணன் என்ன அநாதையா?" என்றாள் அத்தை.

ஸ்டைகன்பாக்கில் யாராவது சாகக் கிடந்தால், அந்த வீட்டிலிருந்து ஒருவர் கோயிலுக்குப் போக வேண்டும். தெற்குப் பக்கத்துச் சிற்றாலயத்தின் விதானத்தில், செத்துக் கிடக்கும் புனித ஸ்கொலாஸ்திக்காவின் ஆன்மா வெள்ளைப் புறாவாக மேலே போகும். தூரத்து ஜன்னலில் நின்று அதை அவளுடைய அண்ணன் பெனடிக்ட் பார்த்துக்கொண்டிருப்பார். புறாவுக்கு நேர் கீழே மெழுகுதிரி ஏற்றி, அண்ணாந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாகிறவரின் காதில் சொல்ல வேண்டும்: "புறா இருக்கு." நாக்கில் தெம்பு மிச்சமிருந்தால் அவர் சொல்வார்: "அப்ப வழி இருக்கு." அதற்கப்புறம் சுலபமாகப் போய்விடும் என்பது ஊரின் நம்பிக்கை. மடத்துச் சாமியார்கள் இதைச் செய்யச் சொன்னதும் இல்லை, செய்யாதே என்றதும் இல்லை.

"போ...காதே."

இருவரும் திரும்பினார்கள். கொர்பீனியனின் கண்கள் திறந்திருந்தன. இருபது வயதிலிருந்து சுண்ணாம்பையும் சாயத்தூளையும் சுவாசித்த நுரையீரல், ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக மூச்சு கேட்டது.

"அதைப் பார்க்கப் போகாதே. மடாதிபதியக்... கூட்டிட்டு வா."

"அதான் பிளாசிடுஸ் சாமியார் எண்ணெயோட கூடத்துல காத்திருக்காரே! ஒரு மணி நேரமா நம்ம காப்பியைக் குடிச்சுக்கிட்டு! சாகற நேரத்து அவஸ்தைப்பூசுதலுக்கு மடாதிபதி எதுக்கு? நீ என்ன பவேரியா ராஜாவா?" என்றாள் அத்தை.

"அவர்கிட்டதான்... சொல்லணும்."

"என்ன சொல்லணும்? ஆயுசு பூரா கோயில் சுவத்துக்கு வர்ணம் பூசின மனுஷன். ஞாயித்துக்கிழமை தவறாம பாட்டு மாடியில நின்னு பாடின மனுஷன். உன்கிட்ட என்ன பாவம் இருக்கப்போகுது? எறும்பு கடிச்சாக்கூட எறும்புகிட்ட மன்னிப்புக் கேட்பியே!"

கொர்பீனியன் தங்கையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"கூட்டிட்டு வருவியா?"

"வரேன்ப்பா," என்றாள் ஆஃப்ரா.

என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

அக்டோபரில் ஒருநாள் லாரி வந்து கோயில் வாசலில் இரும்புக் குழாய்களை இறக்கியது. தெற்குச் சிற்றாலயத்துக்குச் சாரம் கட்டப் போகிறார்கள், மியூனிக்கிலிருந்து படித்த அம்மாள் ஒருத்தி வந்து விதானத்தை அங்குலம் அங்குலமாக ஆராயப் போகிறாள் என்று ரொட்டிக் கடையில் பேச்சு. அன்று மத்தியானம் அப்பா தொப்பியைக் கழற்றாமல் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் புறா என்னுது," என்றார்.

"எந்தப் புறா?"

"மேல பறக்குதே. நான் வரைஞ்சது."

ஆஃப்ராவின் கையிலிருந்த உருளைக்கிழங்கு பாதித் தோலோடு நின்றது.

ஐம்பத்தெட்டாம் வருஷம். இருநூறு வருஷத்து மெழுகுதிரிப் புகையைச் சிற்றாலயத்தின் விதானத்திலிருந்து எடுக்கும் வேலை கொர்பீனியனுக்குக் கிடைத்தது. ரொட்டியின் நடுச்சதையைப் பிசைந்து உருட்டி, அதனால் ஒற்றி ஒற்றிக் கரியை எடுக்க வேண்டும். ஒரு மாதம் ஒற்றினார். மேகம் வெளுத்தது, ஸ்கொலாஸ்திக்காவின் முக்காடு வெளுத்தது, பெனடிக்டின் தாடிகூட வெளுத்தது. புறா மட்டும் வெளுக்கவில்லை. மெழுகுதிரிகளெல்லாம் அதற்கு நேர் கீழே அல்லவா எரிந்தன? கரி இறுகிக் கிடந்தது. மறுநாள் ஸ்கொலாஸ்திக்காவின் திருநாள். சாயங்காலத்துக்குள் சாரத்தைப் பிரிக்கச் சொல்லி ஆள் மேல் ஆள் வந்துகொண்டிருந்தது. கொர்பீனியன் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்தார்.

"விரல்ல எச்சில் தொட்டு ஒரு மூலையில தேச்சுப் பார்க்கணும். விரல்ல சாயம் ஒட்டலைன்னா ஈரச் சுண்ணாம்புல வரைஞ்சது, கழுவலாம். ஒட்டினா காஞ்சப்புறம் பசை போட்டு வரைஞ்சது, தண்ணி ஆகாது. தொழிலுக்கு வந்த மொத நாள் சொல்லிக் கொடுக்கறது இது. அன்னைக்குப் பார்க்கல. படம் பூரா ஈரத்துல வரைஞ்சிருக்கானே, இது மட்டும் வேறயா இருக்கும்னு தோணல."

"அப்புறம்?"

"ஒரே இழுப்பு. புறா பஞ்சுல வந்திருச்சு."

சுவரில் வெறும் சுண்ணாம்பு. வாளியில் வெள்ளைத் தண்ணீர். இரண்டு மணி நேரத்தில் அந்த இடத்தில் இன்னொரு புறாவை வரைந்து, கொஞ்சம் கரியைத் தொட்டு ஊதிப் பழசாக்கி, சாரத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாள் மொத்த ஊரும் அண்ணாந்து பார்த்து, என்ன சுத்தம், என்ன அழகு என்றது.

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணலையா?"

"பண்ணினேன். இங்க இல்ல, ஆக்ஸ்பர்க் போய். 'மொதல்ல மடாதிபதிகிட்ட உண்மையைச் சொல்லு, சொல்லிட்டு வா, மன்னிப்புத் தரேன்'னார் அந்தச் சாமியார். சொல்லல. அதனால திரும்பிப் போகவும் இல்ல."

அப்போதுதான் ஆஃப்ராவுக்கு உறைத்தது. அப்பா பாடகர் மாடியில் சேர்ந்ததும் அந்த வருஷம்தான். மாடிப்படி ஒற்றை ஆள் அகலம். பாவமன்னிப்பு இல்லாதவர் நற்கருணை வாங்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் பாடகர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். இஷ்டப்பட்டவர்கள் கடைசியில் இறங்கி வருவார்கள். வராதவர்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரு மனிதன் நற்கருணை வாங்காமல் இருந்ததை மறைக்க ஒரு கட்டைக் குரல் போதுமானதாக இருந்திருக்கிறது.

"உங்கம்மா சாகறப்ப என்னைத்தான் அனுப்பினாங்க," என்றார் அப்பா. தொப்பி இன்னும் தலையில். "போனேன். திரி ஏத்தினேன். என் கையெழுத்தை நானே அண்ணாந்து பார்த்தேன். வந்து அவ காதுல சொன்னேன், 'கிரெஸென்ஸ், புறா இருக்கு'ன்னு. 'அப்ப வழி இருக்கு'ன்னா. சிரிச்சா. அப்படியே போயிட்டா."

ஆஃப்ரா அப்போது பக்கத்தில் நின்றிருந்தாள். பதினேழு வயது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருந்தாள்.

"அவ மட்டுமா? இருபத்தெட்டு வருஷத்துல இந்த ஊர்ல செத்தவங்க அத்தனை பேரும். எந்த வழியில அனுப்பினேனோ."

"அப்பா, இப்ப எதுக்கு..."

"மியூனிக் அம்மா கண்டுபிடிச்சிடுவா. அதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லணும்."

போகவில்லை. இன்று, நாளை என்றார். நவம்பரில் இருமல் வந்தது. டிசம்பரில் படுத்தார். ஜனவரியில் ஆஃப்ரா தபாலாபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, சாம்பல் நிற உறை ஒன்று வந்தது. திரு. கொர்பீனியன் ஓஸ்ட்லர், கோயில் ஓவியர், ஸ்டைகன்பாக். அனுப்புநர்: மியூனிக், பழஞ்சின்னப் பாதுகாப்பு அலுவலகம்.

பதினோரு வருஷ உத்தியோகத்தில் ஒரு தபாலைக்கூட அவள் ஒருநாள் தாமதித்ததில்லை. அந்த உறையைக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டாள். பிரிக்கவில்லை. அடுத்தவர் தபாலைப் பிரிப்பது குற்றம்.

அன்றிலிருந்து அப்பா தினமும் கேட்டார்: "மியூனிக்லருந்து ஏதாவது வந்துதா?"

"வரலப்பா."

"கண்டுபிடிக்காம இருக்க மாட்டாங்களே."

"வந்தா தரமாட்டேனா? தூங்குங்க."

மூன்று வாரம் அந்த உறை அவள் நெஞ்சுக்குப் பக்கத்தில், காலையில் வேலைக்குப் போய், மாலையில் வீட்டுக்கு வந்தது. நிம்மதியாகச் சாகட்டும் என்று நினைத்தாள். அதைத் தவிர வேறெதையும் அவள் நினைக்கவில்லை.

*

கூடத்தில் பிளாசிடுஸ் சாமியார் காலிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, என்கிட்ட சொல்ல மாட்டாராமா?"

"மடாதிபதிதான் வேணுமாம், சாமி."

"சரி. கோபமில்ல. என் தாடி புடிக்கலையோ என்னவோ. சீக்கிரம் போய்ட்டு வா. நீ போறப்ப அவங்க ஒன்பது மணி செபத்துக்கு உட்கார்ந்திருப்பாங்க. கால் மணி ஆகும். ரொம்ப நேரம் தாங்காதும்மா. எண்ணெய் பூசாம என்னால விட முடியாது, தெரியுமில்ல?"

ஆஃப்ரா பனியில் இறங்கினாள். மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்த திரியை அத்தை வாசல் வரை துரத்தி வந்து அவள் கையில் திணித்தாள். "அவன் சொன்னா கேட்காதே. ஏத்திட்டு, பார்த்துட்டு வா. சாகப்போறவனுக்கு என்ன தெரியும்?"

கோயிலுக்குப் பத்து நிமிஷ நடை. எட்டு நிமிஷத்தில் போனாள்.

உள்ளே வெளியைவிடக் குளிர். பீடத்துக்குப் பின்னால் கருங்காலி இருக்கைகளில் பன்னிரண்டு சாமியார்கள் எதிரெதிரே நின்று சங்கீதத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மடாதிபதி. குறுக்கே போய்க் கூப்பிட முடியாது. முடியாது என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். கால் மணி நேரம் இருக்கிறது.

தெற்குச் சிற்றாலயத்தில் சாரத்தின் உச்சியில் விளக்கு எரிந்தது.

அவளுடைய கணக்கு இதுதான்: மடாதிபதியிடம் அப்பா சொல்லிக்கொள்ளட்டும். அது மடத்துக்குள் இருக்கும். ஆனால் மியூனிக் அம்மாள் அறிக்கை எழுதுவாள், அது பத்திரிகையில் வரும். ஊருக்குத் தெரிந்தால் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் யார் நடப்பார்கள்? தாயைப் புதைத்தவர்கள், புருஷனைப் புதைத்தவர்கள் எல்லோரும் அந்தப் புறாவைப் பார்த்துவிட்டு வந்து காதில் சொன்னவர்கள். அடக்கம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள் என்று கேட்டுவிட்டால் போதும். ஐந்து நிமிஷம்.

ஏணியில் ஏறினாள். நான்கு தட்டு.

மேலே கம்பளிக் கால்சட்டையும் விரல் வெட்டிய கையுறையுமாக ஐம்பது வயதுக்காரி ஒருத்தி பலகையில் மல்லாந்து படுத்திருந்தாள். வாயில் குச்சி. குச்சியின் நுனியில் பஞ்சு.

"யாரது? ஓ, தபாலாபீஸ் அம்மாவா! பதிவுத் தபாலை இவ்வளவு உயரத்துக்குக்கூட கொண்டு வருவீங்களா?"

குந்துலா என்று பெயர். டாக்டர் பட்டம் உண்டு. ஊரில் எல்லோரையும் கேலி பேசுவாள், கடைக்காரன் உட்பட. ஆஃப்ரா சிரிக்கவில்லை.

"ஒரு உதவி கேட்டு வந்தேன். நீங்க பார்த்ததை... இன்னும் கொஞ்ச நாளைக்கு வெளியில சொல்லாதீங்க."

"எதை?"

"புறாவை. எங்க அப்பா சாகக் கிடக்கார்."

குந்துலா குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஓஸ்ட்லர்... உங்க அப்பாவா? அடடா. அதான் பதிலே போடலையா? நான் கடுதாசி எழுதி மூணு வாரமாச்சே. கோவக்கார மனுஷன்னு நெனைச்சேன். நடுவுல மீதி ரசாயனப் பரிசோதனைக்காக மியூனிக் போயிட்டேன். நேத்துதான் வந்தேன், நாளைக்கு ஒரு ஒயின் பாட்டிலோட வீட்டுக்கே வரலாம்னு இருந்தேன்."

"ஒயினா?"

"அவர்தானே வரைஞ்சார்? அம்பத்தெட்டுல? எனக்கு நிச்சயமில்ல, அதைக் கேட்கத்தான் எழுதினேன். இங்க வாங்க. தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க."

ஆஃப்ரா முழங்காலில் ஊர்ந்து போனாள். ஒரு முழ உயரத்தில் புறா. இவ்வளவு கிட்டத்தில் அது புறாவாகவே இல்லை. வெள்ளைக் கோடுகள், சாம்பல் கோடுகள், அவசரமான ஒரு கண். அப்பா கையெழுத்துப் போடும்போது இழுப்பதுபோலவே வாலில் ஓர் இழுப்பு.

"இப்ப பாருங்க," என்று குந்துலா விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்தாள். புறாவைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று நிழலாக எழுந்து வந்தது. "ஈரச் சுண்ணாம்புல ஆணியால கீறின கோடு. மொதல்ல இந்த விதானத்தை வரைஞ்சவன் கை. கீறி வெச்சுட்டு, பறவையை மட்டும் காஞ்சப்புறம் வரைஞ்சிருக்கான். சோம்பேறி. அவன் வரைஞ்சது அவன் காலத்துலயே உதிர்ந்திருக்கும். அப்புறம் ஒருத்தன், அப்புறம் ஒருத்தன். ஆளாளுக்கு ஒரு புறா."

"எங்க அப்பா துடைச்சது..."

"அவர் துடைச்சது புறாவே இல்ல, வாத்து!" குந்துலா சிரித்தாள். "மடத்துல ஒரு பழைய ஃபோட்டோ இருக்கு. கிறிஸ்துமஸ் வாத்து மாதிரி கொழுத்த ஐட்டம். ஓரத்துல ரெண்டு துணுக்கு மிச்சமிருந்துது, பரிசோதிச்சேன். துத்தநாக வெள்ளை. தொழிற்சாலைச் சரக்கு. நூறு வருஷம்கூட ஆகல. ஆணிக்கோட்டை விட்டு வெளியே போய் இஷ்டத்துக்கு வரைஞ்சிருந்தான் அவன். உங்க அப்பாதான் கோட்டைக் கண்டுபிடிச்சு அதுக்குள்ள வரைஞ்சிருக்கார். சுண்ணாம்பு வெள்ளையில. மொத ஆள் போட்ட அதே சுண்ணாம்பு. இங்க வந்து போன அத்தனை பேர்லயும் இவர் ஒருத்தர்தான் அசலுக்குக் கிட்ட. அதை எடுக்கறதில்ல, அப்படியே விடறதுன்னு மடாதிபதியும் நானும் போன மாசமே முடிவு பண்ணியாச்சு."

"மடாதிபதிக்குத் தெரியுமா?"

"ஏணியில ஏறி வந்து பார்த்தாரே. 'ஓஸ்ட்லர் கையா? தேவலையே, நல்ல கை'ன்னார். வயசானவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம், நீங்க எழுதிக் கேளுங்கன்னார். எல்லாத்தையும் கடுதாசியில எழுதியிருந்தேனே. நாலு பக்கம். ஏன், வரலையா?"

கீழே சங்கீதம் நின்றது. இருக்கைப் பலகைகள் ஒவ்வொன்றாக மடங்கும் சத்தம். செருப்புகள் தரையில் தேய்ந்துகொண்டு போயின. இப்போது இறங்கினால் மடாதிபதியைக் கதவருகில் பிடித்துவிடலாம். ஆஃப்ரா நகரவில்லை. கோட்டின் மேல் கை வைத்தாள். உள்ளே உறை மொடமொடத்தது.

"வந்துது," என்றாள்.

அப்போதுதான் மணி அடித்தது.

சின்ன மணி. சாவுக்கு மட்டும் அடிப்பது. நேர் மேலே கோபுரத்தில் தொங்குவதால் சாரத்தின் குழாய்களெல்லாம் அதிர்ந்தன. புறாவின் மேலிருந்து ஒரு சிட்டிகைத் தூசி உதிர்ந்து ஆஃப்ராவின் கையில் விழுந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

இந்த ஊரில் படுக்கையில் கிடப்பவர்கள் இரண்டு பேர். அப்பா. அப்புறம் ஆலைக்காரர் வீட்டுப் பெரியம்மா, தொண்ணூற்றொரு வயது.

நான்கு. ஐந்து.

பெண்ணென்றால் ஆறு. ஆணென்றால் ஒன்பது.

ஆறு.

அந்தக் கிழவியின் முகத்தை நினைத்து, அவளாக இருக்கட்டும் என்று முழு மனசோடு வேண்டினாள். கண்ணெதிரே, ஒரு முழ தூரத்தில் புறா. அதனிடமே வேண்டினாள்.

ஏழு.

கீழே யாரோ யாரிடமோ, "யாருக்கு?" என்று கேட்டார். மடாதிபதியின் குரல். "ஓஸ்ட்லருக்கு. இப்பத்தான் ஃபோன் வந்துது," என்றது இன்னொரு குரல். "அடப்பாவமே. நம்ம கட்டைக் குரல்," என்றார் மடாதிபதி.

*

"பூசிட்டாரு. நல்லபடியா ஆச்சு. அழாதே," என்றாள் அத்தை.

ஆஃப்ரா அழவில்லை. அத்தைதான் அழுதாள்.

பிளாசிடுஸ் சாமியார் ஊதா நிறத் தோள் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். "பேச்சு நின்னுருச்சும்மா. இனிமே காத்திருக்க முடியாதுன்னு பூசினேன். நெத்தியில பூசினேன். கையில பூசறப்பதான்..." என்று நிறுத்தினார்.

"கையை இறுக்கி மூடிக்கிட்டான்," என்றாள் அத்தை. "ரெண்டு கையையும். சாகறவனுக்கு அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்துதோ. நானும் சாமியாருமா ஒவ்வொரு விரலாப் பிரிச்சோம். கொழந்தையில பம்பரத்தை இப்படித்தான் ஒளிச்சு வெச்சுக்குவான். பிடிவாதக்காரன்."

கட்டிலில் கொர்பீனியன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். கைகள் விரிந்து, உள்ளங்கை மேலே பார்க்க, எண்ணெய் மினுங்கியது.

"என்னைக் கேட்டாரா?"

"வாசலையே பார்த்துக்கிட்டிருந்தான். நீ வரக் காணோம். பார்க்க முடியலடி. அதான், நானே காதுகிட்ட குனிஞ்சு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்வாங்க? 'அண்ணே, புறா இருக்கு'ன்னேன். நீ பார்த்துட்டுதானே வந்துக்கிட்டிருப்பே? பொய்யா சொன்னேன்?"

"அதுக்கு அப்பா?"

அத்தை மூக்கைச் சிந்தினாள். கைக்குட்டையை நான்காக மடித்தாள்.

"பதில் சொல்லல. சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். அவ்வளவுதான்."

ஆஃப்ரா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. தலையணை ஈரமாக இருந்தது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். மெழுகுதிரி இன்னும் கையில் இருந்ததை அத்தை பார்த்துவிட்டாள். திரி முனை வெள்ளையாகவே இருந்தது. அத்தை வாயைத் திறந்தாள். பிறகு, அன்று முதல் தடவையாக, வசவுக்குப் பதில் செபமாலையை எடுத்தாள்.

*

சவப்பெட்டிக்குப் பின்னால் ஊரே நடந்தது.

ரொட்டிக் கடைக்காரர் வந்தார். ஆலைக்காரரின் பெரியம்மாவைக்கூட நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பாடகர்கள் கறுப்புப் பட்டி அணிந்து மாடியில் நின்றார்கள். மடாதிபதி தாமே பூசை வைத்தார். "நாற்பது வருஷம் இந்தக் கோயிலின் சுவர்களைத் தொட்டுக் காப்பாற்றிய கை," என்றார் பிரசங்கத்தில். "இறைவனின் இந்த வீட்டில் அவர் எதைத் தொட்டாரோ அதெல்லாம் நன்றாக இருக்கிறது." ஆஃப்ரா முதல் வரிசையில் மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். குந்துலா கடைசி வரிசையில் நின்றிருந்தாள். கால்சட்டைக்குப் பதில் யாரிடமோ இரவல் வாங்கிய பாவாடை.

அப்பாவுக்குக் கல்யாணக் கோட்டைப் போட்டுவிட்டது ஆஃப்ராதான். பெட்டியை மூடுவதற்கு முன் உள்பையில் அந்த உறையை வைத்தாள். அத்தை "என்னடி அது?" என்றாள். "அவருக்கு வந்த தபால்," என்றாள். உறை பிரிக்கப்படாமல்தான் இருந்தது.

நற்கருணை நேரம் வந்தது. வரிசைகள் எழுந்து நடுவழியில் சேர்ந்தன. மாடியில் பாட்டு தொடங்கியது. அடியில் இருக்க வேண்டிய கட்டைக் குரல் இல்லாமல் பாட்டு தரையில் கால் பாவாமல் மிதந்தது.

"வா, நாமதான் மொதல்ல போகணும்," என்று அத்தை முழங்கையைத் தொட்டாள்.

ஆஃப்ரா எழுந்தாள். பீடத்துப் பக்கம் போகவில்லை. ஓரமாக, வருகிறவர்களுக்கு எதிராக நடந்து, பின்கதவுக்குப் பக்கத்திலிருந்த மாடிப்படியில் ஏறினாள். ஒற்றை ஆள் அகலம். தோள் இரண்டும் சுவரில் உரசின.

பாடகர்கள் பாடிக்கொண்டே நகர்ந்து வழி விட்டார்கள். கடைசி வரிசையில், சுவரோரமாக, ஓர் இடம் காலியாக இருந்தது. பாட்டுப் புத்தகம் வைக்கும் பலகையில் அவருடைய மூக்குக்கண்ணாடி உறை இன்னும் கிடந்தது. அவள் அங்கே போய் நின்றாள்.

கோயில் முழுவதும் தெரிந்தது. பெரிய பீடம், பொன் முலாம் பூசிய தேவதூதர்கள், வடக்கு விதானத்தில் சாகும் பெனடிக்டின் படம், நடுவில் மெல்ல நகரும் தலைகள். தெற்குப் பக்கம் மட்டும் தெரியவில்லை. சிவப்புச் சலவைக்கல் போலச் சாயம் பூசிய தூண் ஒன்று குறுக்கே நின்றது. ஆஃப்ரா இடது பக்கம் சாய்ந்து பார்த்தாள். சாரத்தின் ஒரு குழாய் தெரிந்தது, அப்புறம் ஒரு மேகம், ஒரு சிறகின் நுனி. நிமிர்ந்து நின்றாள். தூண் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. மற்ற எந்த இடத்தில் நின்றாலும் அந்த விதானம் தெரியும். அவள் எண்ணிப் பார்த்தாள். பதினாறு இடம்.

கையை முன்னாலிருந்த மரக் கைப்பிடியில் வைத்தாள். பழுப்புச் சாயம் பூசிய கைப்பிடி. வலது கை விழுகிற இடத்தில் சாயம் இல்லை. கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்ந்து, மரம் தெரிந்து, மரமும் சற்றே குழிந்திருந்தது. சுற்றிலும் சாயத்தின் ஓரம் மெல்லியதாக, வழுவழுப்பாக, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கரைந்து போயிருந்தது.

பக்கத்தில் நின்ற கிழப் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவள் காதருகே குனிந்தார். "உங்கப்பா பழக்கம் அது. எச்சில் தொட்டுத் தேச்சுக்கிட்டே இருப்பார். எத்தனையோ தடவை கேலி பண்ணியிருக்கோம்." மறுபடி பாட்டில் சேர்ந்துகொண்டார்.

கீழே அத்தை நற்கருணை வாங்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, மாடியை அண்ணாந்து தேடினாள்.

ஆஃப்ரா விரலை நாக்கில் தொட்டாள். அந்தக் குழியில் வைத்து மெதுவாகத் தேய்த்தாள். எடுத்துப் பார்த்தாள்.

விரலில் எதுவும் ஒட்டவில்லை.